பழம் வேண்டாம், தண்ணீர் போதும்

ஏற்காட்டில் பறவை பார்க்கக் காப்பித் தோட்டமெல்லாம் சுற்ற வேண்டியதில்லை. முற்றத்தில் அகலமான மண்தட்டு ஒன்றில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றி, நடுவில் சொரசொரப்பான கல் ஒன்றை வையுங்கள். ஆழம் கூடினால் சின்னப் பறவைகள் இறங்காது. புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசுதான் வளரும். செம்மீசைச் சின்னான் என்ற புல்புல் பறவை கொண்டையை ஆட்டியபடி குளிக்கும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தால் கையிலிருக்கும் காப்பி ஆறிப்போகும். குளிர்காலத்தில், வடக்கே இமயமலைப் பக்கமிருந்து வலசை வரும் மஞ்சள் வயிற்று வாலாட்டியையும் எதிர்பார்க்கலாம்.

பழம் மட்டும் வைக்காதீர்கள். நான் ஒருநாள் வைத்தேன். குரங்குக் கூட்டம் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டது. காட்டெருமை தென்பட்டால் படம் எடுக்க நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்துங்கள். ஜன்னல் வழியாகவே நன்றாகத் தெரியும்.