மூணாறு லயத்தில் ரேடியோவில் நெப்போலியனைக் கேட்பது எப்படி

எங்கள் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், மழை பிடித்தால் சிக்னல் போய்விடும். டவுனுக்குப் போகும்போதே ரேடியோ நிகழ்ச்சிகளின் ஒலிப்பதிவுகளைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் பிபிசியின் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியில் பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து பின்வாங்கிய கதை. அப்புறம்தான் அதே போர் வரும் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலின் ரேடியோ நாடகம்.

பையனின் பழைய நோட்டில் நீமன் ஆறு, ஸ்மோலென்ஸ்க், போரோடினோ, மாஸ்கோ என்று ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். 1812 ஜூனில் ரஷ்ய எல்லையிலிருந்த அந்த ஆற்றைத் தாண்டிய நெப்போலியனின் படை செப்டம்பரில் மாஸ்கோ போய்ச் சேர்ந்த வழி அது. தேதியில் கவனம்: போரோடினோ சண்டை நம் கணக்கில் செப்டம்பர் 7, அன்றைய ரஷ்ய நாள்காட்டியில் ஆகஸ்ட் 26. நாவலில் வரும் பெயர்கள் இன்னும் மோசம். நத்தாஷா, நத்தாலியா இல்யீனிச்னா, ரஸ்தோவா எல்லாம் ஒரே பெண்தான். எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

விருந்துக் காட்சிகளைக் கொழுந்து கிள்ளிக்கொண்டே கேட்கலாம். போர்க்களம் வந்தால் முடியாது.