கதை வாசிக்கப் போகிறவர்களுக்கு: தாளின் முடிவில் வாக்கியமும் முடியட்டும்

ராமகிருஷ்ணபுரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கத்திலோ உங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவிலோ சொந்தச் சிறுகதையை வாசிக்கப் போகிறீர்கள் என்றால், அதை 16 புள்ளி எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிட்டு, ஒவ்வொரு தாளும் முழு வாக்கியத்தோடு முடியுமாறு அமைத்துக்கொள்ளுங்கள். தாள்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடிக்காமல் பக்க எண் மட்டும் போடுங்கள்.

தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. "கதவைத் திறந்தவள், அவன் கையிலிருந்த பையைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல்" என்பதோடு தாள் முடிந்துவிட்டால், "உள்ளே போனாள்" என்பதற்காக நீங்கள் தாளைப் புரட்டும் நேரத்தில், கேட்பவர் மனத்தில் அதுவரை சேர்ந்த இறுக்கம் கலைந்துவிடும், உங்கள் குரலும் தாழ்ந்துவிடும். பின் அடிக்காததில் இன்னொரு நன்மையும் உண்டு: முன்னால் வாசித்தவர்கள் நேரத்தைத் தாண்டிவிட, 15 நிமிடத்தை 10 ஆகக் குறைக்கச் சொன்னால் (இது அடிக்கடி நடப்பதுதான்), விடக்கூடியது என்று வீட்டிலேயே பென்சிலால் குறித்து வைத்த தாள்களை அப்படியே உருவிவிடலாம், மேடையில் நின்று வரிகளைத் தேட வேண்டாம்.

குளிர்காலத்தில் பூங்கா வெயிலில் கூடும் வாசிப்புகளுக்குத் தனித்தாள்கள் ஒத்துவராது. காற்று அள்ளிக்கொண்டு போகும் என்பதால் அங்கே அட்டையும் கிளிப்பும் வேண்டும். ஒரே தாளில் அடங்கும் குறுங்கதைக்கும், கைபேசியைப் பார்த்து வாசிப்பவர்களுக்கும் தாள்களை இப்படிப் பிரித்து அமைப்பது தேவைப்படாது.