எட்டடியா, பத்தடியா: குமரி மாவட்டப் பாதைக்கும் சரக்குக்கும் ஏற்ற பிக்கப் பாடி

பிக்கப் வண்டிக்கு, சரக்கு ஏற்றும் பின்பகுதியான பாடி எட்டடி போதுமா, பத்தடி வேண்டுமா என்பதை விற்பனை நிலையத்தில் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது. ஓர் அளவு டேப், நீங்கள் வாரம் தவறாமல் ஏற்றும் சரக்கின் எடைக்கணக்கு, சரக்கு ஏறும் இடத்திலிருந்து முதன்மைச் சாலை வரையுள்ள பாதை ஆகிய மூன்றும் கைவசம் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே இதற்கு விடை கிடைத்துவிடும். ஐந்தாறு ஆண்டுகள் தவணை கட்டப்போகும் வண்டி என்பதால், அரை நாளை இதற்கென்று ஒதுக்குவது பெரிய செலவல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாடியின் நீளம் வேறு, வண்டி சுமக்கும் எடை வேறு. மஹிந்திராவின் பொலேரோ மேக்ஸ் பிக்கப் வரிசை 2023-இல் வெளிவந்தபோது 1.3 டன் முதல் 2 டன் வரை சுமக்கும் வகைகள் அதில் இருந்தன. அவற்றில் மிக நீளமான பாடி 3,050 மி.மீ., அதாவது பத்தடி. 2005-இல் வந்த டாடா ஏஸின் பாடியோ ஏழடியைச் சற்றே தாண்டும். நீளம் கூடக்கூடச் சுமையும் கூடுவதுபோல் இந்த வரிசையில் தோன்றினாலும், எல்லா நிறுவனங்களின் எல்லா வகைகளிலும் அப்படி அமைவதில்லை. ஒரே எடைக்கு இரண்டு நீளங்களில் பாடி தரும் வகைகளும் உண்டு. அப்படிப்பட்ட நீளப் பாடியில் கூடுதல் இரும்பின் எடையும் சேர்வதால், ஏற்றத்தக்க சரக்கு சில கிலோ குறையவும் கூடும். ஆகவே விற்பனையாளரிடம் நீளத்தையும் சுமைத்திறனையும் தனித்தனியாகக் கேட்டு, தனித்தனியாக எழுதி வாங்குங்கள்.

சரக்கு எவ்வளவு கனமானது என்பதே நீளத்தைத் தீர்மானிக்கும் முதல் அளவுகோல். எட்டடிப் பாடியின் உள்நீளம் 2,440 மி.மீ., அகலம் 1,700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் தளப்பரப்பு ஏறத்தாழ 4.15 சதுர மீட்டர். ஒரு கன மீட்டர் எம்-சாண்ட் 1.6 டன் என்று எடுத்துக்கொண்டால், 1.3 டன் மணலைப் பரப்பும்போது அது இருபது சென்டிமீட்டர் உயரத்துக்குக்கூட வராது. பாடியின் பக்கப்பலகை பாதிக்கும் மேல் வெறுமையாகத் தெரியும்போதே வண்டி தன் முழுச் சுமையை ஏற்றுவிட்டது. செங்கல், ஜல்லி, சிமென்ட் மூட்டை, கட்டுக்கட்டாக அடுக்கிய ரப்பர் ஷீட், ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர் பால்) மூட்டை எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இவற்றை ஏற்றுகிறவருக்குப் பத்தடிப் பாடியால் வரும் பயன் மிகக் குறைவு. அவருக்கு ஸ்பிரிங் பட்டை, அச்சு, டயர் ஆகியவற்றின் வலிமைதான் தேவை. காலியாகத் தெரியும் இடம் இன்னும் நாலு மூட்டையைப் போடச் சொல்லும் என்பதால், கனமான சரக்குக்கு நீளப் பாடி கெடுதலே செய்யும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நேர் எதிரானது தோவாளைப் பூச்சந்தையிலிருந்து கிளம்பும் சரக்கு. பூ மூட்டைகளையும் பெட்டிகளையும் அமுக்கி அடுக்க முடியாது. எடை தீருவதற்கு வெகு முன்பே இடம் தீர்ந்துவிடும். நாகர்கோவில் அப்டா சந்தைக்கு வரும் வாழைக்குலைகளும் ஏறக்குறைய இப்படித்தான். மேலடுக்கின் பாரம் கீழ்க்குலையின் காய்களைக் கருக்கச்செய்து விலையைக் குறைத்துவிடும் என்பதால், குலை வியாபாரிக்கு உயரத்தைவிடத் தளப்பரப்பே முக்கியம். அவருக்குப் பத்தடிப் பாடி கூடுதல் விலைக்கு ஏற்ற பலனைத் தரும். பஞ்சு மெத்தை, மரச்சாமான், கயிறு போன்றவற்றை ஏற்றுகிறவர்களும் நீளப் பாடியைத் தயங்காமல் எடுக்கலாம்.

மீன் சரக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. குளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் சின்னமுட்டத்திலும் தொழில் செய்கிறவர்கள் இதைத் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. 60 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உள்ள பிளாஸ்டிக் பெட்டிகளை எட்டடிப் பாடியில் நீளவாக்கில் நான்கு, அகலவாக்கில் நான்கு என்று ஒரு அடுக்குக்கு 16 வைக்கலாம். பத்தடியில் 20 வைக்கலாம். ஐஸோடு சேர்த்து ஒரு பெட்டி 35 கிலோ என்றால், 1.3 டன்னுக்கு 37 பெட்டிகள்தான். எட்டடிப் பாடியில் இரண்டு அடுக்கு நிறைந்து, மூன்றாம் அடுக்கில் ஐந்து பெட்டி வைத்தவுடனே சுமை முடிந்துவிடுகிறது. இந்தச் சுமைக்கு நீளப் பாடி எடுத்தால் மூன்றாம் அடுக்கு வேண்டியதில்லை, சரக்கின் உயரம் குறையும், வளைவில் வண்டி ஆடுவதும் குறையும் என்பது உண்மை. ஆனால் 37 பெட்டிக்காக மட்டும் இரண்டடி கூடுதலாக வாங்கத் தேவையில்லை. உங்கள் பெட்டியின் அளவையும் எடையையும் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். அதற்குப் பிறகு முற்றத்தில் சுண்ணாம்பால் இரண்டு நீளங்களையும் கோடிட்டு, காலிப் பெட்டிகளை உள்ளே அடுக்கிப் பாருங்கள்.

இனி பாதை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பதில்லை; விளைநிலமும் தோப்புமாக விரிந்த பரப்பில், ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு கல்மதில்களுக்கு நடுவே ஓர் இடுங்கிய வழி போகும். அருமனை, குலசேகரம், பத்துகாணி பக்கம் ஏற்ற இறக்கமும் சேர்ந்துகொள்ளும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமுள்ள சமதளத்திலும் சானல்கரைச் சாலையும் (பாசனக் கால்வாயின் கரைமேல் போகும் சாலை) குறுகிய பாலமும் உண்டு. பாடி நீண்டால் பொதுவாகச் சக்கர இடைத்தூரமும், அதாவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலுள்ள தூரமும், நீளும். அது நீள, திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாமல் உட்பக்கமாக வெட்டிப் போகும் அளவும் கூடும். முன்பகுதி மதில் மூலையைச் சிரமமின்றித் தாண்டிவிட, பின்சக்கரமோ பாடியின் நடுப்பகுதியோ அதே மூலையில் உரசுவது இதனால்தான். சானல்கரையில் இந்த உள்வெட்டு கரையின் விளிம்பில் விழுந்தால், மழைக்கால ஈர மண் வண்டியின் பாரத்தைத் தாங்காது.

ஆகவே நீங்கள் போகவேண்டிய மிகக் குறுகலான திருப்பத்தை அளந்துவிட்டு, சோதனை ஓட்டத்துக்கு அதே இடத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். சாலையில் ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்பும் சோதனை ஓட்டம் எதையும் சொல்லாது. உள்ளே போவதோடு நிறுத்தாமல், பின்னோக்கி எடுத்துத் திருப்பியும் பாருங்கள். நீளமான வண்டி ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் போய்வந்துதான் திரும்புகிறது என்றால், பகலில் சமாளிக்கும் ஓட்டுநர்கூட விடியற்காலை இருட்டில் மழையில் சிரமப்படுவார். நாள்தோறும் தோட்டத்துக்குள் போய்ச் சரக்கெடுக்கிறவருக்கு எட்டடியே சரி. சந்தையிலிருந்து சந்தைக்கு, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் வரை நெடுஞ்சாலையில் ஓடுகிறவருக்குப் பத்தடியால் தொல்லையில்லை.

நீளப் பாடியில் சரக்கை வைக்கும் இடமும் கவனிக்கத்தக்கது. பின்னச்சுக்குப் பின்னால் பாரம் குவிந்தால் முன்சக்கரங்களின் மேல் அழுத்தம் குறைந்து, ஸ்டியரிங் இலகுவாகிவிடும். ஏற்றத்தில் இது ஆபத்து. கனமானவற்றைக் கேபினை ஒட்டித் தொடங்கி அச்சு வரை அடுக்கி, லேசானவற்றைப் பின்கதவுப் பக்கம் வைக்க வேண்டும்.

குழாய், கம்பி ஏற்றுகிறவர்கள் நீளப் பாடியை நம்பி ஏமாறக் கூடாது. 20 அடிக் குழாய் பத்தடிப் பாடியிலும் பாதி வெளியேதான் நிற்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் சேர்ந்த 194(1ஏ) பிரிவு, அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னோ பின்னோ நீளும் சரக்குக்கு 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. எட்டுக்கு நாலு பிளைவுட் பலகையோ பத்தடிக் குழாயோதான் உங்கள் வழக்கமான சரக்கென்றால், அந்த நீளத்தைக்கொண்டு பாடியைத் தேர்ந்தெடுக்கலாம். பாடியின் வெளியளவைப் பாராமல் உள்ளளவை டேப் வைத்துப் பாருங்கள்.

வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு, அதே சட்டத்தின் 66(3) பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. நீளமும் சுமையும் கூடிய வகைகள் இந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், பெர்மிட் செலவையும் விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய பலருக்கு அங்கே பழகிய இரட்டைக் கேபின் பிக்கப்பின் மீது விருப்பம் உண்டு. ஆள் ஏற்றிப்போகவும் கருவிகள் எடுத்துப்போகவும் அது நல்ல வண்டி. ஆனால் அதன் பாடி ஏறத்தாழ ஐந்தடிதான், சரக்குத் தொழிலுக்கு ஆகாது. அமெரிக்காவின் ஃபோர்டு சூப்பர் டியூட்டி போன்ற பெரிய பிக்கப்களில் ஆறேமுக்கால் அடி, எட்டடி என்று இரண்டு நீளங்கள் கிடைக்கின்றன. அங்கே பாடிக்குள் கொக்கி பூட்டி இழுக்கும் டிரெய்லர், திருப்பத்தில் கேபினில் இடிக்காமல் இருக்கவே பலர் எட்டடியை எடுக்கிறார்கள். நம் தேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பதால், அந்த வண்டிகளைப் பற்றிய காணொளிகளைக்கொண்டு இங்கே முடிவெடுக்க வேண்டாம்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் பாடி பின்னர் நீட்டப்பட்டதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை உரிய அனுமதியின்றி மாற்றுவதைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வண்டியின் அடியில் குனிந்து, பின்னச்சுக்குப் பின்னால் சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) வெல்டிங் தழும்போ புதுப் பெயின்ட்டோ ஒட்டுத் தகடோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு பின்னச்சின் நடுவிலிருந்து பாடியின் கடைசி வரை அளந்து, ஆர்.சி.யில் உள்ள சக்கர இடைத்தூரத்தோடு ஒப்பிடுங்கள். விதிப்படி பின்னால் நீளும் அந்த அளவு, சக்கர இடைத்தூரத்தில் 60 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இடைத்தூரம் 3,000 மி.மீ. என்றால் பின்னால் நீளுவது 1,800 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.