காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால்: இலவச வக்கீல் பெறும் வழி

தமிழ்நாட்டில் வாடகைக்கு இருக்கும் ஏழைக் குடும்பங்கள் எல்லாமே வழக்கில் தோற்று வீட்டை விடுவதில்லை. வக்கீல் நோட்டீஸைப் பார்த்த பயத்திலேயே சாமான்களை ஏற்றிவிடுபவர்கள் உண்டு. சம்மன் வந்த பிறகும், வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று நீதிமன்றம் பக்கமே போகாதவர்களும் உண்டு. காசில்லாதவருக்கும் வக்கீல் கிடைப்பார். சீக்கிரம் போய்க் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: கையில் இருப்பது என்ன தாள்?

உரிமையாளர் வாயால் சொன்னதும், அவருடைய வக்கீல் அனுப்பிய நோட்டீஸும் தீர்ப்பு ஆகாது. காலி செய்ய உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்குத்தான் உண்டு. வீட்டு உரிமையாளருக்கும் கிடையாது, காவல் நிலையத்துக்கும் கிடையாது. நோட்டீஸ் என்றால் பதில் அனுப்ப வேண்டும். வாடகை நீதிமன்றத்தின் சம்மன் என்றால் அதில் இருக்கும் வாய்தா தேதியை உடனே குறித்துக்கொள்ளுங்கள். அன்று யாருமே போகாவிட்டால், உங்கள் தரப்பைக் கேட்காமலே ஒருதலைப்பட்சமாக உத்தரவு வந்துவிடும்.

படி 2: வாடகையை நிறுத்தாதீர்கள்

"அட்வான்ஸில் கழிச்சுக்கட்டும்" என்று பலர் வாடகையை நிறுத்திவிடுகிறார்கள். நீங்களாக அப்படி முடிவெடுத்தால் அது பாக்கியாகக் கணக்காகி, உங்களுக்கு எதிரான முதல் காரணமாகிவிடும். 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நம் வாடகைச் சட்டத்தில், 2 மாத வாடகை பாக்கி ஒரு வெளியேற்றக் காரணம்.

ஆனால் அதே சட்டம் ஒரு வாய்ப்பும் தருகிறது. நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பாக்கியை வட்டியோடு உரிமையாளரிடமோ வாடகை நீதிமன்றத்திலோ கட்டிவிட்டால், அந்தப் பாக்கிக்காக வெளியேற்ற உத்தரவிட முடியாது. இந்தச் சலுகையை மறுபடி மறுபடி கேட்க முடியாது. அதனால் கைமாற்று வாங்கியாவது அந்த ஒரு மாதத்துக்குள் கட்டிவிடுவதே நல்லது என்பேன்.

உரிமையாளர் வாடகையை வாங்க மறுக்கிறாரா? மணியார்டரிலோ வங்கி வழியாகவோ அனுப்பி, ஆதாரத்தைப் பத்திரப்படுத்துங்கள். தொடர்ந்து 2 மாதம் அவர் ஏற்காவிட்டால், இந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டிருக்கும் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி மிரட்டினாலும் அதே அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பக் கொடுக்கச் சொல்லி அவர் இடைக்கால உத்தரவு போட முடியும்.

படி 3: உங்களுக்குத் தகுதி உண்டா?

இலவச வக்கீல் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்வது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே இல்லை. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

வாடகை ஒப்பந்தம் ஒரு பெண்ணின் பெயரில் இருந்து, வழக்கும் அவர் மேல் வந்திருந்தால் வருமானக் கேள்வியே எழாது. மற்றவர்களும் வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு அலைந்து நாளைக் கடத்த வேண்டாம். வருமானம் இவ்வளவுதான் என்று ஒரு பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) கொடுத்தாலே போதும். அதைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தால்தான் மேற்கொண்டு கேட்பார்கள்.

படி 4: எங்கே போவது?

இலவச சட்ட உதவி தரும் அமைப்பான மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும். தாலுகா அளவில் வட்ட சட்டப்பணிகள் குழு. வழி தெரியாவிட்டால் 15100க்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடைக்கும். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் போதும், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

கையோடு எடுத்துப்போக வேண்டியவை: நோட்டீஸ் அல்லது சம்மன் (வந்த உறையோடு), வாடகை ஒப்பந்தம், ரசீதுகள், ஜிபே பதிவுகளின் நகல், அட்வான்ஸ் கொடுத்ததற்கான ஆதாரம், ஆதார், குடும்ப அட்டை.

படி 5: வக்கீலிடம் எதையும் மறைக்காதீர்கள்

எழுத்து ஒப்பந்தம் இல்லையா? சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன வாடகைச் சட்டத்தில் அதையே காரணமாக வைத்தும் உரிமையாளர் மனு போட முடியும், எனவே அது முதலிலேயே வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உள்வாடகைக்கு விட்டிருந்தாலும், ஏதாவது மாதம் வாடகை தவறியிருந்தாலும் அப்படியே.

ஆணைக்குழு நியமிக்கும் வக்கீல் உங்களிடம் பீஸ் வாங்கக் கூடாது. நீதிமன்றக் கட்டணம், ஆவணம் தயாரிக்கும் செலவு எல்லாம் இந்த உதவிக்குள் அடங்கும். யாராவது பணம் கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். வழக்கை உங்கள் வக்கீல் கவனிக்கவில்லை என்றால் வேறு வக்கீலை நியமிக்கச் சொல்லியும் கேட்கலாம். இலவசமாக வந்தவரிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை.

படி 6: சமரசமா, வழக்கா?

வீடு நிஜமாகவே உரிமையாளருக்குத் தேவைப்படுகிறது என்றால், பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும்வரை அவகாசமும் அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைப்பதும் பெரிய வெற்றிதான். இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றமான லோக் அதாலத்தில் முடிக்கலாம். ஆனால் அங்கே எழுதப்படுவது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் மேல்முறையீடு கிடையாது. தேதியையும் தொகையையும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

வழக்கு நடந்து உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால், வாடகை தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் உண்டு. உத்தரவு நகலோடு அன்றைக்கே சட்டப்பணிகள் அலுவலகத்துக்குப் போங்கள். மேல்முறையீட்டுக்கும் இலவச வக்கீல் கேட்கலாம்.