நுரை வரவில்லையா? சோப்பைத் திட்டாதீர்கள்

ரேசரில் மாட்டுகிற பல பிளேடு கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்து வெறுத்துப்போய், அப்பா காலத்து ஷேவிங் செட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் திரும்புகிறவர்கள் இப்போது நிறையப் பேர். நல்ல முடிவுதான். ஒரு கார்ட்ரிட்ஜ் வாங்கும் காசில் சாதா பிளேடு பாக்கெட்டுகள் பல வாங்கலாம், ஒரு வட்ட சோப்பு மாதக்கணக்கில் வரும். ஆனால் இரண்டாவது வாரமே கழுத்தெல்லாம் சிவந்துபோய் "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்களையும் பார்க்கிறேன். இல்லாவிட்டால் சோப்பு மாற்றி, பிரஷ் மாற்றி, ரேசர் மாற்றி, மிச்சம் பிடிக்க வந்த இடத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் தொலைத்திருப்பார்கள். பெரும்பாலும் தப்பு தண்ணீரில் இருக்கும், இல்லையென்றால் கையில் இருக்கும். புதுச் சாமான் வாங்கி இரண்டையும் சரிசெய்ய முடியாது.

முதலில் தண்ணீர். இதில் நானே ஏமாந்தவன். சென்னையில் வாடகை வீடு, போர் தண்ணீர், குழாய் முனையெல்லாம் உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். சோப்பின் மேல் பிரஷ்ஷை எவ்வளவு தேய்த்தாலும் நுரை கன்னத்துக்குப் போவதற்குள் அமுங்கிவிடும். சோப்பு மட்டம் என்று நினைத்து வேறு வாங்கினேன், அப்புறம் மூன்றாவது. பொங்கலுக்குக் கோயம்புத்தூரில் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தபோது பையில் கிடந்தது அந்த முதல் சோப்பின் மிச்சத் துண்டு. வேறு வழியில்லாமல் அதையே எடுத்துக் குழைத்தேன். உப்பில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் ஆயிற்றே, கிண்ணம் தாண்டி வழிந்தது நுரை. "ஏப்பா, மூஞ்சிக்கு நுரை போடறயா, பொங்கலுக்கு வெள்ளையடிக்கறயா?" என்றார் சித்தப்பா.

விஷயம் இதுதான். என் வீட்டுப் போர் தண்ணீர் மாதிரியான கடினநீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடும், பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டுகிற பிசுக்கு அதுவேதான். சோப்பின் பாதி பலம் அதிலேயே போய்விட்டால் நுரைக்கு என்ன மிஞ்சும்? காய்ச்சினால் ஓரளவு குறையுமே தவிர முழுதாகப் போகாது. பிரஷ் ஊறவைக்கவும் நுரை குழைக்கவும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும், அதைக் கேன் தண்ணீரிலோ ஆர்.ஓ. தண்ணீரிலோ எடுத்துக்கொள்ளுங்கள். முகம் கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீரே சரி.

அடுத்தது, சோப்பில் கஞ்சத்தனம். பிரஷ்ஷை நனைத்து, சொட்டச் சொட்ட அப்படியே சோப்பில் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு முகத்தில் பூசினால் குமிழி குமிழியாக வரும், பார்க்க நிறைய இருக்கும், பிளேடு படுவதற்குள் காய்ந்துவிடும். பிரஷ்ஷை நன்றாக உதறுங்கள். ஈரம் மட்டும் இருக்க வேண்டும். அதோடு சோப்பின் மேல் அரை நிமிடமாவது சுற்றினால் முடி நுனியில் பசை மாதிரி ஏறும். பிறகு கிண்ணத்திலோ முகத்திலோ குழைத்துக்கொண்டே சில சொட்டுகளாகத் தண்ணீர் சேருங்கள், ஒரேயடியாக ஊற்றாதீர்கள். பதம் கெட்டித் தயிர். குமிழி கண்ணில் பட்டால் சோப்பு போதவில்லை, மோர் மாதிரி ஓடினால் தண்ணீர் கூடிவிட்டது, பிரஷ் இழுத்த இடம் வறண்டு கோடு கோடாக நின்றால் இன்னும் நாலு சொட்டு வேண்டும். சோப்புக் கிண்ணம் தனியாக வாங்க வேண்டாம், பழைய எவர்சில்வர் கிண்ணம் போதும். குளியல் சோப்பை வைத்து ஒப்பேற்றுவது மட்டும் வேண்டாம். ஷேவிங் சோப்பில் ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதிகம், பொட்டாசியம் சோப்பும் சேர்ந்திருக்கும், நுரை கெட்டியாக ஈரத்தோடு நிற்பது அதனால்தான்.

காய்ந்த தாடியில் நேராக நுரை போடுவதும் தப்பு. முடி தண்ணீர் குடித்து இளக இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். குளித்துவிட்டு வந்து செய்தால் அந்த வேலை தானாக முடிந்திருக்கும்.

இனி கை. கார்ட்ரிட்ஜ் பழகியவர்களின் பெரிய சிக்கல் அழுத்தம். அதில் தலை வளைந்து கொடுக்கும், அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். இந்தப் பழைய ரேசரோ கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு: மெல்லிய பிளேடு ஒன்று, அதைப் பிடித்துக்கொள்ளும் தலை, ஒரு கைப்பிடி. எதுவும் வளைந்து கொடுக்காது. கைப்பிடியின் நுனிப் பக்கம் மூன்று விரலால் பிடியுங்கள். முதலில் தலையின் மேல்மூடி மட்டும் கன்னத்தில் படட்டும், பிளேடு தொடக்கூடாது. அப்படியே கைப்பிடியை மெல்லக் கீழே இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் பிளேடு முடியைக் கவ்வி 'சர்' என்று சத்தம் கேட்கும். கோணம் அதுதான், ஏறக்குறைய 30 டிகிரி. தாடை வளைவில் இதைக் காப்பாற்றுவது சிரமம், அங்கே அரை அங்குலம் அரை அங்குலமாகப் போங்கள்.

முடி வளரும் போக்கைப் பார்க்காமல் இழுப்பதுதான் கழுத்துப் புண்ணுக்குக் காரணம். கன்னத்தில் மேலிருந்து கீழாக வளரும், கழுத்திலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பலருக்குத் தாடைக்குக் கீழே மேல்நோக்கி வளரும், குரல்வளைக்குப் பக்கத்தில் பக்கவாட்டில் படுத்திருக்கும். இரண்டு நாள் தாடியில் விரலால் தடவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும் பக்கம்தான் போக்கு. முதல் மாதம் அந்தப் போக்கிலேயே ஒரே முறை இழுங்கள், பிசிறு இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சுருட்டை முடிக்காரர்கள் எதிர்ப்பக்கம் இழுக்கவே வேண்டாம், முடி தோலுக்குள்ளேயே வளைந்து புகுந்து கொப்புளமாகும்.

நீங்கள் எங்கே அழுத்தினீர்கள் என்று காட்டிக்கொடுக்க ஒரு மலிவான ஆள் உண்டு: படிகாரம். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி வாங்குங்கள். ஷேவ் முடிந்து ஈர முகத்தில் தடவினால் எங்கே சுள்ளென்று பிடிக்கிறதோ அங்கே கை கனத்திருக்கிறது. அரை நிமிடம் விட்டுக் கழுவிவிட வேண்டும். அப்படியே காயவிட்டால் தோல் சுருக்கென்று இழுக்கும். கட்டியையும் பிளேடையும் வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பங்கு போடாதீர்கள், ரத்தத்தில் பரவும் ஹெபடைடிஸ்-பி மாதிரி நோய்களுக்கு அது வழி.

பிளேடில் காசு மிச்சம் பிடிக்கப் பார்ப்பது இன்னொரு வேடிக்கை. மூன்றிலிருந்து ஐந்து ஷேவ், இழுக்க ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள். முடி எஃகை விடப் பல மடங்கு மென்மையானதுதான், ஆனாலும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னபடி, வளைந்த முடி குறிப்பிட்ட கோணத்தில் மோதும்போது பிளேடு விளிம்பு துணுக்குத் துணுக்காகப் பெயர்கிறது. பெயர்ந்ததைத் துண்டில் துடைத்து மீட்க முடியாது, விரல்தான் அறுபடும். மாட்டும்போது பிளேடின் குட்டையான இரண்டு ஓரத்தைப் பிடியுங்கள், முடுக்கிய பிறகு இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். மலிவு ரேசர்களில் இது அடிக்கடி கோணும்.

பிரஷ் நைலானே போதும். பன்றிமுடி பிரஷ் வாங்கினால் முதல் சில வாரம் வாடை அடிக்கும், கொஞ்சம் உதிரும், பயப்பட வேண்டாம். கொதிநீரில் போடாதீர்கள், ஈரத்தோடு டப்பாவில் அடைக்காதீர்கள். பழைய சாமான் கடையில் கிடைக்கும் நூறு வருடத்துப் பிரஷ்ஷுக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று: முதல் உலகப்போர் காலத்தில் சுத்திகரிக்காத குதிரைமுடி பிரஷ்களால் சிப்பாய்களுக்கு ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய தொற்றுநோய் வந்திருக்கிறது. அதை அலமாரியில் வைத்து அழகு பாருங்கள், முகத்துக்கு வேண்டாம்.

தேய்ந்த பிளேடைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டால் அது தூய்மைப் பணியாளர் கையில்தான் குத்தும். காலி டால்கம் பவுடர் தகர டப்பா இருந்தால் மூடியில் ஒரு கீறல் போட்டு உள்ளே தள்ளிக்கொண்டே வாருங்கள். என்னுடையது நாலு வருடமாகியும் கால்வாசிதான் நிறைந்திருக்கிறது.