சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது? ஒர்க் பெர்மிட், எஸ் பாஸில் இருப்பவர்களுக்கு

நான் சிங்கப்பூரில் கட்டுமான சைட்டில் சேஃப்டி கோஆர்டினேட்டர். ஊர் அறந்தாங்கிப் பக்கம். சைட்டில் யாருக்காவது அடிபட்டாலோ, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டாலோ, கூட ஆஸ்பத்திரிக்குப் போவது பெரும்பாலும் நான்தான். கவுன்ட்டரில் நம்பர் எடுத்து உட்கார்ந்ததும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, எவ்வளவு ஆகும்? சம்பளத்துல பிடிப்பாங்களா?" வலியைவிட அந்தப் பயம் பெரிதாக இருக்கிறது. காய்ச்சல் முற்றும்வரை டார்மிட்டரியிலேயே (தொழிலாளர் விடுதி) சுருண்டு கிடப்பதும், விரல் வீங்கியபிறகும் தைலம் தடவிக்கொண்டு வேலைக்கு வருவதும் அந்தப் பயத்தால்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவச் செலவுக்குக் கம்பெனிதான் பொறுப்பு. ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் என்ற வேலை அனுமதிகளில் வெளிநாட்டு ஊழியரை எடுக்கும் முதலாளி அவருடைய பராமரிப்பையும் மருத்துவச் செலவையும் ஏற்கவேண்டும் என்பது வெளிநாட்டு மனிதவள வேலை நியமனச் சட்டத்தின் கீழ் வரும் நிபந்தனை. ஆனால் அந்தப் பணம் எந்தக் காப்பீட்டிலிருந்து வரும், கூடவே உங்களுக்கு இழப்பீடு வருமா வராதா என்பதெல்லாம், நீங்கள் முதல் டாக்டரிடம் என்ன சொன்னீர்கள், அங்கே என்ன எழுதிக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. இதில் வேறு எதை மறந்தாலும் அந்த முதல் பதிவை மறக்காதீர்கள்.

செலவு ஏன் இவ்வளவு என்று பலருக்குப் புரிவதில்லை. டான் டோக் செங், கூ டெக் புவாட், இங் தெங் ஃபோங் எல்லாம் அரசு ஆஸ்பத்திரிதானே என்று நினைக்கிறோம். நம் ஊர் ஜி.எச். போல இருக்கும் என்று ஒரு எண்ணம். அங்கே சலுகைக் கட்டணம் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். வெளிநாட்டவருக்குச் சலுகை கிடையாது, முழுக் கட்டணம், அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி. எமர்ஜென்சியில் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கி வந்தாலே நூறு வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) தாண்டிவிடும். அட்மிட் ஆகி ஆபரேஷன் என்றால் ஆயிரக்கணக்கில் போகும். உங்கள் கையிலிருந்து கட்டக்கூடிய தொகை இல்லை இது. அதனால்தான் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

சாதாரணக் காய்ச்சல், இருமல், சுகர், பிரஷருக்கு

கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலை) துறைகளில் ஒர்க் பெர்மிட்டில் இருப்பவர்களுக்கும், 7 பேரோ அதற்கு மேலோ தங்கக்கூடிய டார்மிட்டரியில் இருக்கும் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கும் கம்பெனி ஆரம்பப் பராமரிப்புத் திட்டம் வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் பி.சி.பி. என்போம். 2022 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். உங்கள் டார்மிட்டரி இருக்கும் வட்டாரத்துக்கென்று ஒதுக்கிய மருத்துவ நிலையத்துக்குப் போனால், ஒரு தடவைக்கு உங்களிடம் கேட்கக்கூடியது 5 வெள்ளி. போனில் வீடியோ வழியாக டாக்டரைப் பார்த்தால் 2 வெள்ளி. வருடத்துக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் இதிலேயே உண்டு. நாற்பது வயதைத் தொட்டவர்கள் இந்தப் பரிசோதனையைக் கண்டிப்பாகச் செய்துகொள்ளுங்கள். நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நெஞ்சுவலிக்காரர்களில் பலருக்குத் தங்களுக்கு பிரஷர் இருப்பதே அன்றுவரை தெரியாது.

அட்மிட் ஆகிவிட்டால்

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் உள்ள ஒவ்வொருவருக்கும் கம்பெனி மருத்துவக் காப்பீடு எடுத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் ஆபரேஷனுக்கும் இது பொருந்தும். முன்பு வருடத்துக்குக் குறைந்தது 15,000 வெள்ளி என்று இருந்தது. 2023 ஜூலை 1 முதல் 60,000 ஆக்கிவிட்டார்கள். முதல் 15,000 முழுவதையும் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். அதற்கு மேல் போனால் முக்கால் பங்கு இன்சூரன்ஸ், கால் பங்கு முதலாளி.

கணக்காகப் பார்ப்போம். அப்பெண்டிக்ஸ் முற்றி வெடித்து, சில நாள் ஐ.சி.யு.வில் வைத்து, மொத்தம் 40,000 வெள்ளி பில் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 15,000 இன்சூரன்ஸ். மீதி 25,000-ல் 18,750 இன்சூரன்ஸ், 6,250 கம்பெனி. இந்தக் கணக்கில் உங்கள் பெயர் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா?

அந்த 6,250-க்காகச் சில கம்பெனிகள் முகம் சுளிக்கும். "உன்னால எங்களுக்கு நஷ்டம்" என்று கிளார்க் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு, "பாதி நான் கட்டுறேன் சார்" என்று நீங்களாக ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டாயக் காப்பீட்டைத் தாண்டிய செலவில் ஊழியரிடம் ஒரு பகுதி வாங்க விதியில் இடம் இருக்கிறது. ஆனால் அது வேலை ஒப்பந்தத்தில் முன்பே தெளிவாக எழுதியிருக்க வேண்டும், மாதச் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, 6 மாதத்துக்கு மேல் பிடிக்கவும் கூடாது. காப்பீட்டு பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் கழிப்பதற்கும் இடமில்லை. ஆகவே சம்பளச் சீட்டை மாதாமாதம் வாங்கி, 'மெடிக்கல்', 'இன்சூரன்ஸ்' என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். போனில் போட்டோ எடுத்து வையுங்கள்.

அட்மிஷன் கவுன்ட்டரில் டெபாசிட் கேட்பார்கள், இல்லாவிட்டால் கம்பெனியின் உத்தரவாதக் கடிதம் கேட்பார்கள். எல்.ஓ.ஜி. என்று சொல்வார்கள். அந்தக் கடிதம் வந்தால் நீங்கள் காசு எடுக்க வேண்டியதில்லை. எனவே கம்பெனி எச்.ஆர். நம்பர், கம்பெனிப் பெயர் சரியான எழுத்துக்களோடு, ஒர்க் பெர்மிட் அட்டையின் இரண்டு பக்கமும் எப்போதும் போனில் இருக்கட்டும். இரவில் கடிதம் வராமல் இழுத்தாலும் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் டாக்டர்கள் காசுக்காகக் காத்திருப்பதில்லை. 2025 ஜூலை முதல் இன்னொரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: கோரிக்கை ஏற்கப்பட்டதும் இன்சூரன்ஸ் கம்பெனி ஆஸ்பத்திரிக்கே நேரடியாகப் பணம் கட்டிவிட வேண்டும். முதலாளி முதலில் மொத்தத்தையும் கட்டிவிட்டு அப்புறம் வாங்கிக்கொள்வது என்ற சுமை குறைந்திருக்கிறது. முழங்கால் ஆபரேஷனையும் குடலிறக்க ஆபரேஷனையும் "அப்புறம் பார்க்கலாம்" என்று கம்பெனிகள் தள்ளிப்போட்டதற்கு அந்தச் சுமையும் ஒரு காரணம்.

வேலையில் அடிபட்டால்

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேறொரு கம்பெனியில் இருந்த தம்பி ஒருவன், ஷட்டரிங் வேலை. ஏணி சரிந்து விழுந்து மணிக்கட்டு வளைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சூப்பர்வைசர் அவனிடம், "டார்ம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும்" என்றிருக்கிறார். அவன் எனக்கு போன் செய்தான். "உள்ளதைச் சொல்லு தம்பி, வேற ஒண்ணும் வேணாம்" என்றேன். எமர்ஜென்சியில் நுழைந்ததும் ஒரு நர்ஸ் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூன்று கேள்வி கேட்பார்: என்ன ஆச்சு, எங்கே, எத்தனை மணிக்கு. அவன் தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டான். வந்த நர்ஸிடம், சைட்டில், ஏணியிலிருந்து, காலை பத்து மணிக்கு என்று சொன்னான். அவர் அப்படியே டைப் செய்துகொண்டார். சூப்பர்வைசர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஒரு வரியால் என்ன மாறியது? பாத்ரூமில் விழுந்ததாகச் சொல்லியிருந்தால் அது சாதாரண உடல்நலக் குறைவு. சிகிச்சைச் செலவு கிடைத்திருக்கும், சட்டப்படியான நோய்விடுப்பும் கிடைத்திருக்கும், அத்தோடு சரி. உள்ளதைச் சொன்னதால் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன்படி மருத்துவச் செலவு தனி. 2025 நவம்பர் 1-க்குப் பிறகு நடந்த விபத்தென்றால் 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்து நாளிலிருந்து ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. எம்.சி.யில், அதாவது டாக்டர் சான்று கொடுத்த விடுப்பில், இருக்கும்போது சம்பளமும் உண்டு: முதல் 14 நாளுக்கு முழுசாக, ஆஸ்பத்திரி விடுப்பு என்றால் 60 நாள் வரை முழுசாக, அதற்குப் பிறகு மூன்றில் இரண்டு பங்கு, ஒரு வருடம் வரை. இந்தச் சம்பளத்தை அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட மாட்டார்கள். ஓவர்டைம் சேர்த்த சராசரியில் போடுவார்கள். ஓவர்டைம் சம்பளச் சீட்டில் எழுதியிருப்பது எவ்வளவு முக்கியம் என்று இங்கே தெரியும். கை பழையபடி வரவில்லை என்று டாக்டர் சதவீதம் எழுதினால், நிரந்தர ஊனத்துக்கான இழப்பீடு அதற்கு மேல் தனி.

இதற்கு யார் மேல் தப்பு என்று பார்ப்பதில்லை. நீங்கள் கவனக்குறைவாக இருந்தாலும், வேலை நேரத்தில் வேலையால் ஏற்பட்ட காயம் என்றால் போதும். கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ அடிபட்டாலும் சேரும். போதையில் நடந்தது, அடிதடியில் நடந்தது என்றால் சிக்கல்.

"எம்.சி. வேணாம் டாக்டர், லைட் டூட்டி குடுங்க" என்று கூட வந்தவர் கேட்டால் நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். எழுந்து நிற்க முடியாதவனைக் கூட்டிவந்து சைட் ஆபீஸில் உட்காரவைத்த கம்பெனிகள் உண்டு. 2020 செப்டம்பர் முதல், வேலையில் பட்ட காயத்துக்கு லைட் டூட்டி கொடுத்தாலும் மனிதவள அமைச்சுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். கம்பெனி செய்யவில்லையென்றால் நீங்களே அமைச்சிடம் பதியலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் செய்துவிட வேண்டும். வக்கீல் தேவையில்லை. கமிஷன் பணத்துக்காக உங்களை வக்கீலிடம் கூட்டிப்போகும் ஆட்களை நம்பாதீர்கள்.

அடிபட்ட அன்றே செய்யவேண்டியது இவ்வளவுதான். விழுந்த இடத்தை ஒரு போட்டோ, காயத்தை ஒரு போட்டோ. பக்கத்தில் வேலை செய்த ஒருவருடைய பெயரும் போன் நம்பரும். சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி: இன்ன நேரத்தில், இன்ன இடத்தில் அடிபட்டேன். தமிழில் எழுதினாலும் போதும், நேரம் பதிவாகிவிடும். எம்.சி. தாளைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அசலை வாங்கி வைத்துக்கொண்டு "அப்படி ஒன்றும் வரவே இல்லை" என்றால் அந்தப் போட்டோதான் பேசும். ஆபத்தான நிலை என்றால் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்காமல் 995-க்குப் போன் செய்யுங்கள்.

குடும்பத்தோடு இருப்பவர்கள்

எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருப்பவர்களுக்கு மேலே சொன்ன 60,000 வெள்ளிக் காப்பீடு கட்டாயமில்லை. பெரிய சம்பளம் வாங்குகிறவருக்கு ஒன்றுமே இல்லாமல் போகவும் வாய்ப்புண்டு. வேலையில் சேரும்போதே கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸில் மனைவி, குழந்தைகள் இருக்கிறார்களா, பிரசவம் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பாலிசி எடுப்பதென்றால் கர்ப்பமாகும் முன்பே எடுக்க வேண்டும், காத்திருப்புக் காலம் இருக்கும். பலர் இரண்டு பக்கச் செலவையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு ஊருக்கு அனுப்பிவிடுகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை.

கம்பெனி கைவிட்டால்

ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூக ஊழியர் இருப்பார். எம்.எஸ்.டபிள்யூ.வைப் பார்க்கவேண்டும் என்று நர்ஸிடம் சொல்லுங்கள். கம்பெனி கடிதம் தரவில்லை, போன் எடுக்கவில்லை என்பதை அவரிடம் சொன்னால் அவர் பேசுவார். மனிதவள அமைச்சின் நம்பர் 6438 5122. சிராங்கூன் ரோட்டில் இருக்கும் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர நம்பர் 6536 2692. கேலாங்கில் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பு குறைந்த கட்டணத்தில் சிகிச்சை பார்க்கிறது, மனசு சரியில்லை என்றாலும் பேசலாம். காயத்தோடு வேலையில்லாமல் நிற்பவர்களுக்கு லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 அமைப்பு சாப்பாடு போட்டு, வழக்குக்கும் வழி சொல்கிறது. அங்கே போவதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

சிகிச்சை முடியும் முன்பே "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கோ" என்று டிக்கெட் கையில் கொடுத்தால் அவசரப்பட்டு ஏறாதீர்கள். பெர்மிட்டை கேன்சல் செய்தாலும், நீங்கள் நாடு திரும்பும்வரை பொறுப்பு முதலாளியுடையதுதான். காய வழக்கு நடக்கிறதென்றால் அமைச்சிடம் சொல்லுங்கள், சிறப்பு பாஸ் கொடுத்துத் தங்கவைப்பார்கள். அந்த பாஸில் பொதுவாக வேலை செய்ய முடியாது, வருமானம் இருக்காது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்களே முடிவு செய்தால், கிளம்பும் முன் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் சி.டி., எல்லா எம்.சி. தாள்கள், மருத்துவ அறிக்கைக்கு விண்ணப்பித்த ரசீது, இவற்றைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊரில் பார்க்கும் டாக்டருக்கு முதலில் தேவைப்படுவது இவைதான். சூட்கேஸில் போடாமல் கைப்பையில் வையுங்கள், எல்லாவற்றின் போட்டோவையும் வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு விமானம் ஏறுங்கள்.