கெண்டிச்செடிக்கு எந்தச் சாடி?

இலை நுனியில் தொங்கும் கெண்டி போன்ற குடுவையில் பூச்சி பிடிக்கும் கெண்டிச்செடியை வாங்கியதும் எல்லாரும் தேடுவது அழகான மண்சாடியைத்தான். நானும் அதைத்தான் வாங்கினேன். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பல்கனியில் எட்டு மாதம் வைத்திருந்தும் செடி ஒரு கெண்டிகூட விடவில்லை. இலை நுனியில் சின்னதாக மொட்டு வரும், அப்படியே கருகிவிடும். வெயில் காணாது என்று நினைத்து இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தேன், ஆனால் கோளாறு சாடியில்தான் இருந்தது.

முதலில் எதனால் செய்த சாடி என்று பாருங்கள். பழைய மண்சாடியின் வெளிப்பக்கத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிரும். அது உப்பு. தண்ணீர் சாடிச் சுவர் வழியாகக் கசிந்து ஆவியாகிவிடும், அதில் இருந்த உப்பு சுவரிலேயே தங்கி, ஊற்ற ஊற்ற வேருக்குத் திரும்பும். கறிவேப்பிலைக்கு இது ஒன்றும் செய்யாது. கெண்டிச்செடியோ சத்தில்லாத மண்ணில் வளர்ந்து, குறையைப் பூச்சி பிடித்து ஈடுகட்டுகிற செடி, அதன் வேர் உப்பைத் தாங்காது. கடைசியில் சாடியை உடைத்துப் பார்த்தேன்: கறுப்பு நூல் போன்ற வேர்கள் சுவரோடு ஒட்டியிருந்தன, விரல் பட்டதும் அறுந்தன. சீமெந்துச் சாடி இன்னும் மோசம், அதிலிருந்து சுண்ணாம்பு இறங்கும்.

என் தெரிவு சாதாரண பிளாஸ்டிக் சாடி. கறுப்புச் சாடி பின்னேர வெயிலில் கொதிக்கும், அதனால் அதை இன்னொரு பெரிய சாடிக்குள் இறக்கி வையுங்கள். வெளிச்சம் ஊடுருவுகிற வெள்ளைச் சாடி வேண்டாம், உள்ளே பாசி பிடிக்கும்.

அளவைப் பொறுத்தவரை சின்னக் கன்றுக்கு 4 அங்குலம், வளர்ந்ததற்கு 6 அங்குலம் போதும். கொடி எவ்வளவு நீண்டாலும் வேர்த்தொகுதி சின்னதுதான். பெரிய சாடியில் நடுப்பகுதி காயாது, வேர் அழுகும்.

அடுத்தது ஓட்டை. அடியில் மட்டும் இருந்தால் போதாது, பக்கத்திலும் கீழ்ப்பகுதியில் ஏழெட்டு வேண்டும். பழைய சோல்டரிங் அயர்ன் இருந்தால் அதுதான் நல்லது, ஆணியைச் சூடாக்காமல் குத்தினால் மெல்லிய பிளாஸ்டிக் வெடிக்கும். புகை வரும், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டில் தண்ணீர் தேக்கவே வேண்டாம். இணையத்தில் காட்டும் கெண்டிச்செடி தட்டுத் தண்ணீரில் நிற்கிறதே என்று கேட்பீர்கள், அது சரசீனியா, அமெரிக்கச் சதுப்பு நிலச் செடி. நம்முடையது நெப்பெந்தஸ் டிஸ்டிலேட்டோரியா. இலங்கைக்கே உரிய இனம், சிங்களத்தில் பாந்துரா, தாழ்நில ஈரவலயத்தில் வளர்வது, கொழும்பு வெக்கையும் ஈரப்பதமும் அதற்குப் பழக்கம். அதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். டெங்கு பரிசோதனைக்கு வருபவர்கள் முதலில் பார்ப்பதும் பூச்சாடித் தட்டைத்தான். (காட்டில் பிடுங்காதீர்கள். சிங்கராஜா மழைக்காட்டில் அது சட்டப்படி குற்றம். நர்சரிக் கன்றையே வாங்குங்கள்.)

நிரப்புவதற்கு ஸ்பாக்னம் பாசி (ஈரம் பிடித்து வைக்கும் காய்ந்த சதுப்புப் பாசி), பேர்லைட் (மண்ணில் காற்றோட்டம் தரும் இலேசான வெள்ளைத் துகள்), பொச்சுமட்டைத் துண்டு. மழைத் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

பிற்சேர்க்கை: இதைப் போட்ட பிறகு இரண்டு பேர், பிளாஸ்டிக் சாடிக்கு மாற்றியும் இலை நுனி கருகுகிறது என்று எழுதினார்கள். விசாரித்தால் இருவரும் பொச்சுமட்டையைக் கழுவாமல் போட்டிருந்தார்கள். கரையோரத்தில் மட்டையை உவர்த் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், அந்த உப்பு உள்ளேயே இருக்கும். மழைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவிட்டு, காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். கடைசித் தண்ணீரில் டீடிஎஸ் மீற்றரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) வைத்தால் 50க்குக் கீழே காட்ட வேண்டும். மாற்றி நட்ட செடியில் கருகிய பழைய இலை தேறாது, அடுத்து வரும் இரண்டு மூன்று இலைகளைப் பாருங்கள். என் செடியில் மூன்றாவது இலையில்தான் கெண்டி மூடி திறந்தது.